பிரைட்டனுக்கு நான் கட்டிய அலுமினியப் படகு

பிரைட்டன் என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எட்டு வருடமாக எங்களுக்குள் பேச்சு கிடையாது. அதில் ஏழு வருடம் நான் ஷார்ஜாவில் இருந்தேன். திரும்பி வந்த பிறகும் அவன் நிற்கிற பக்கம் நான் போவதில்லை.

"ஏலே பெர்சி, கையக் கழுவிட்டு வா. ஒரு விஷயம் கேக்கணும்."

நான் எழுந்திருக்கவில்லை. "அங்கன நின்னே கேளு."

"நீ அந்த நாட்டுல தகரப் போட்டு கட்டுனியாம்லா?"

"தகரம் கிடையாது. அலுமினியம் பிளேட்டு."

"அதாம்டே. இதப் பாரு."

போனை நீட்டினான். யாரோ ஒரு வெள்ளைக்காரன் அலுமினியப் படகைப் பாறை மேல் ஏற்றி இறக்குகிற வீடியோ. படகுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"முப்பத்திரெண்டு அடியில ஒண்ணு கட்டப் போறேன். நாப்பது மைல் வெளிய போயி சூரை பிடிக்க. போன மாசம் என் ஃபைபர் ஒண்ணு கப்பல்ல இருந்து விழுந்த மரத்துல மோதி முகப்பு கிழிஞ்சி வந்துச்சி. அதான் கேக்கேன். ஃபைபர்ல கட்டவா, இதுல கட்டவா? திரேஸ்புரத்துல ரெண்டும் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான்."

என்னிடம் வந்து இதைக் கேட்க அவனுக்கு எவ்வளவு தைரியம் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, தைரியம் எல்லாம் இல்லை. அவன் செய்ததை அவனே மறந்துவிட்டான்.

நான் மறக்கவில்லை. எட்டு வருடத்துக்கு முன்னால் திரேஸ்புரத்தில் எனக்கு ஒரு ஃபைபர் ஷெட் இருந்தது. பிரைட்டனுக்கு ஒரு படகு அடித்துக் கொடுத்தேன். பின்பலகை, அதாவது இஞ்சின் மாட்டுகிற பலகை, இருபத்தைந்து எச்பி இஞ்சினைத் தாங்குகிற கனத்தில் செய்தது. அதற்கு மேல் மாட்டாதே என்று சொல்லித்தான் கொடுத்தேன். அந்தப் படகை ஓட்டியது என் சொந்த அண்ணன் கஸ்பார். மூன்று மாதம் கழித்து மணப்பாட்டுக்கு வெளியே கடலில் பின்பலகை பிளந்து, இஞ்சினும் படகும் சேர்ந்து தாழ்ந்தன. அண்ணனும் கூடப் போனவனும் திரும்பவில்லை. அண்ணன் உடல் மட்டும் நான்காவது நாள் ஒதுங்கியது.

ஊர்க் கமிட்டி கூடியபோது பிரைட்டன் எல்லார் முன்னாலும் சொன்னான்: "மேட்ட கொறைச்சிட்டான் பெர்சி. நாலு மேட் போட வேண்டிய எடத்துல ரெண்டு போட்டிருக்கான். கூடப் பொறந்த அண்ணன்னு கூடப் பாக்கல." மேட் என்பது ரெசின் பசையில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்டுகிற கண்ணாடி இழை விரிப்பு. நான் ஆறு போட்டிருந்தேன். காட்டுவதற்குப் படகு இல்லை. அண்ணன் மனைவி பெர்பெத்து மதினி என் ஷெட் வாசலுக்கு வந்து மண்ணை வாரி வீசிவிட்டுப் போனாள். அதோடு சரி. அன்றிலிருந்து அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஷெட்டுக்கும் யாரும் வரவில்லை. நான் விமானம் ஏறினேன்.

ஷார்ஜாவில் அலுமினியப் படகு கட்டுகிற யார்டில் வெல்டராக இருந்தேன். ஐந்தாவது வருடம் அங்கே காயல்பட்டினத்து மெக்கானிக் இல்யாஸ் வந்து சேர்ந்தான். ஒரு வெள்ளிக்கிழமை சாப்பாட்டில் அவனாகச் சொன்னான்.

"அண்ணே, மனசு கேக்கல. ஒங்க அண்ணன் போறதுக்கு முந்துன நாளு அந்தப் போட்டுல நாப்பது எச்பிய மாட்டுனது நான்தான். பிரைட்டன் மொதலாளி மாட்டச் சொன்னாரு. ஒங்க அண்ணன் வேணாம்னாரு. இஷ்டம் இல்லன்னா எறங்கு, வேற ஆள் போவான்னாரு இவரு."

ஊருக்கு வந்து சொல்கிறாயா என்று கேட்டேன். இல்யாஸ் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டான். அவனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் மதினிக்குப் போன் போட்டேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாள். ஆள் விட்டுச் சொன்னேன். "அவரு தப்பிக்க ஆயிரம் கத சொல்லுவாரு" என்று பதில் வந்தது.

ஆகவே பிரைட்டன் வாயால்தான் அது வர வேண்டும். மதினி காதில் அவன் வாயால் விழ வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

இப்போது அவன் என் வாசலில் நின்று ஃபைபரா அலுமினியமா என்று கேட்கிறான்.

நேர்மையாகச் சொல்வதென்றால் பதில் ஃபைபர். அலுமினியம் மோசம் என்பதால் இல்லை. ஐந்து மில்லி பிளேட்டில் கட்டிய படகு மரத்தில் மோதினால் நசுங்கும், கிழியாது. தண்ணீரை உறிஞ்சாது. வருடங்கள் போனாலும் ஃபைபர் மாதிரி உள்ளுக்குள் ஊறிக் கனம் ஏறாது. ஆனால் அதற்குப் பக்குவம் வேண்டும். செம்பு, பித்தளை எதுவும் அதைத் தொடக் கூடாது. உப்புத் தண்ணீரில் இரண்டும் சேர்ந்து கிடந்தால் செம்புக்கு ஒன்றும் ஆகாது, அலுமினியத்தை அரித்துவிடும். ஓட்டை விழுந்தால் ஆர்கான் கேஸ் சிலிண்டரும் அதற்கான மெஷினும் பழகிய கையும் வேண்டும். ஃபைபர் என்றால் கடற்கரையில் யாரும் ஒரு டப்பா ரெசினும் ஒரு துண்டு மேட்டும் வைத்து மத்தியானத்துக்குள் அடைத்துவிடுவார்கள். பிரைட்டன் மாதிரி சொன்ன பேச்சுக் கேட்காத ஆளுக்கு ஃபைபர்தான் சரி.

"அலுமினியம்" என்றேன்.

"நெசமாவா சொல்லுத?"

"ஒனக்கு அதான் சரி. நானே கட்டித் தாரேன்."

திரேஸ்புரத்தில் அலுமினியம் வெல்டு பிடிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்தப் படகுக்கு என்ன வந்தாலும் அவன் என்னிடம்தான் வர வேண்டும். அன்றைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவன் கழுத்து என் கைக்குள் வருகிற மாதிரி இருந்தது. அன்று வெகுநாள் கழித்து இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

படகை அவன் குடோனில் வைத்து ஐந்து மாதத்தில் கட்டினேன். அதில் ஒரு குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு வெல்டுத் தையலையும் தடவித் தடவிப் பார்த்தேன். என் வேலையில் யாரும் இன்னொரு தடவை விரல் நீட்டக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். செம்பு, பித்தளை ஆகாது என்பதை முதல் நாளே பிரைட்டனிடம் சொன்னேன். ஆச்சரியம், இதை மட்டும் அவன் கேட்டான். யாரோ பித்தளை வால்வு வாங்கி வந்தபோது அதைப் பிடுங்கித் தெருவில் எறிந்தான்.

"பெர்சி என்ன சொன்னான்? கூறு இல்லையால ஒனக்கு?"

படகு இறக்குகிற அன்று பங்குச்சாமி வந்து ஜெபம் சொல்லி மந்திரித்தார். எண்ணெயும் உப்பும் தண்ணீரும் தெளித்தாயிற்று. பிறகு பிரைட்டன் வீட்டு வழக்கம். அவர்கள் குடும்பம் ஒரு காலத்தில் முத்துக் குளித்த குடும்பம். சலாபத்தில், அதாவது அந்த முத்துக்குளிப்பில், அவன் முப்பாட்டன் கூலியாக வாங்கிய காசுகள் ஒரு சுருக்குப் பையில் இருக்கின்றன. புதுப் படகு இறக்கும்போதெல்லாம் அதில் ஒன்றை எடுத்து உதட்டில் ஒற்றி முத்தி செய்து, படகின் அடிவயிற்றில், தண்ணீர் வந்து தேங்குகிற கடைசி மூலையில் வைப்பார்கள். பெரிய, தடித்த செம்புக் காசுகள்.

பிரைட்டன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினான். முழங்கால் போட்டான். காசைக் கண்ணில் ஒற்றி, அடிப்பிளேட்டும் குறுக்குச் சட்டமும் சேருகிற சந்தில் வைத்து அழுத்தினான். வாங்கி வந்த வால்வைத் தெருவில் எறிந்த அதே ஆள். அவனுக்கு அது செம்பாகவே தெரியவில்லை. அது கும்பிடுகிற பொருள். அங்கே நின்ற ஒருவருக்கும் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது.

ஃபைபர் படகாக இருந்தால் காசு மேல் நான் கொஞ்சம் ரெசின் ஊற்றி மூடிவிடுவேன். அண்ணன் போன படகிலும் நான்தான் ஊற்றினேன். பிரைட்டன் அந்த நினைப்பில் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"பெர்சி, இதுக்கு மேல ரெசின் ஊத்தணுமாலே?"

"வேண்டாம். இதுல ஒட்டாது. அப்படியே கெடக்கட்டும்" என்றேன்.

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அதற்குப் பிறகு ஏழு மாதம். ஒவ்வொரு தடவை அந்தப் படகு கரைக்கு வரும்போதும் போய் நிற்பேன். தண்ணீர் வெளியேற்றுகிற பம்பு எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று கவனிப்பேன். கடலுக்கு ஆறு பேர் போனார்கள். டிரைவர் செல்வதுரை. நல்ல பையன் என்று சொல்ல முடியாது, நாற்பது வயது ஆகிறது, ஆனால் நல்ல ஆள். எப்போது பார்த்தாலும் கையில் ஒரு மீனைத் திணித்து அனுப்புவான். "அண்ணே, நீங்க கட்டுன போட்டு சும்மா பறக்குல்லா" என்பான். நான் மீனை வாங்கிக்கொண்டு வருவேன். ஊசி முனை அளவுதான் முதலில் அரிக்கும், பம்பு இழுத்துவிடும், அதற்குள் கரைக்கு வந்துவிடுவார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை நம்பினேனா என்று கேட்டால் தெரியாது. நம்ப வேண்டும் என்று இருந்தது.

ஜனவரியில் அது நடந்தது. முப்பத்தைந்து மைல் வெளியே பம்பு நிற்காமல் ஓடி, பேட்டரி தீர்ந்து நின்றுவிட்டது. ஆறு பேரும் மாற்றி மாற்றி வாளியால் இறைத்தபடி ஐந்து மணி நேரத்தில் கரை சேர்ந்தார்கள். செல்வதுரையின் உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. பிடித்த மீனை எல்லாம் கடலிலேயே தள்ளிவிட்டார்கள்.

பிரைட்டன் முதலில் என்னிடம் வரவில்லை. டவுனில், ரெண்டாம் கேட்டுப் பக்கம், வீடுகளுக்குக் கிரில் செய்கிற ஒருவனைக் கூட்டிவந்தான். அவன் வெளிப்பக்கம் இருந்து, இரும்புக்குப் பிடிக்கிற மாதிரி வெல்டு வைத்தான். சுண்டுவிரல் நுழைகிற அளவு இருந்த ஓட்டை எலுமிச்சம்பழம் அளவுக்கு உருகி விழுந்தது. கொச்சியிலிருந்து அலுமினிய வெல்டர் வர இருபது நாள் ஆகும் என்றார்கள். சூரை ஓடுகிற மாதம். அடுத்த படகெல்லாம் நிறைந்து வந்துகொண்டிருந்தது. மூன்றாம் நாள் பிரைட்டன் என் வாசலில் நின்றான்.

"வாடே பெர்சி. மெஷின எடு."

"வாரேன். ஒரு வேல இருக்கு, அத நீ முடிக்கணும்."

"என்ன?"

"கஸ்பார் போனதுக்கு முந்துன நாளு என்ன இஞ்சின் மாட்டுன? அத நம்ம ஆளுவ முன்னால சொல்லு. எங்க மதினிய நீயே போயி கூட்டிட்டு வா. அவ காதுல விழணும்."

அவன் முகம் போன போக்கைப் பார்த்தேன். அதைப் பார்க்க ஒன்பது வருடம் காத்திருக்கலாம் என்று அப்போது தோன்றியது.

"எவன்டே சொன்னான் ஒங்கிட்ட?"

"இஞ்சினே சொல்லிச்சி."

"வெளையாடாத பெர்சி. செத்தவன இப்ப எதுக்கு இழுக்க?"

"நீதான இழுத்த. கமிட்டியில வச்சி இழுத்த. இப்ப நீயே இருந்த எடத்துல கொண்டு போயி விடு."

இரண்டு நாள் அவன் வரவில்லை. நான் மெஷினைத் துடைத்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். ஐந்து படகுக்காரர்கள் வந்து சமாதானம் பேசினார்கள். முடியாது என்றேன். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு வரச் சொல்லி ஆள் வந்தது.

கடற்கரையில் படகு ஒருக்களித்துக் கிடந்தது. ஆறு பேரும் இருந்தார்கள். வலை பின்னுகிறவர்களும் ஐஸ் உடைக்கிறவர்களுமாக இன்னும் முப்பது பேர். மதினி கொஞ்சம் தள்ளி ஒரு வள்ளத்தைப் பிடித்தபடி நின்றாள். நரைத்துவிட்டாள். என்னைப் பார்க்கவில்லை.

பிரைட்டன் மணலைப் பார்த்துப் பேசினான்.

"பெர்சி அடிச்ச போட்டு நல்ல போட்டுதான். இருபத்தஞ்சுக்கு மேல மாட்டாதன்னான். நான்தான் நாப்பது மாட்டுனேன். கஸ்பார் வேணாம்னான். நான்தான்... போகச் சொன்னேன். மேட்டு கொறைச்சான்னு சொன்னது பொய்."

ஐஸ் உடைக்கிற ஆள் ஒருவன் "அட பாவி" என்றான். மதினி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவள் முதல் தடவையாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

நான் மெஷினைத் தூக்கிக்கொண்டு படகுக்குள் ஏறினேன். செல்வதுரையும் கூட ஏறினான். தரைப்பலகையை எடுத்தான். ஓட்டைக்குப் பக்கத்திலேயே அந்தக் காசு பச்சை பிடித்துக் கிடந்தது. அதைச் சுற்றி அலுமினியம் வெள்ளை மாவாக உதிர்ந்து, குழி குழியாக, காசின் வட்டத்திலேயே அரித்திருந்தது. சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

செல்வதுரை குனிந்து வெகு நேரம் பார்த்தான்.

"அண்ணே, இது செம்புல்லா?"

"ஆமா."

"செம்பு ஆகாதுன்னு நீங்கதான சொன்னீங்க. வால்வக்கூட வேணாம்னீங்க."

நான் ஆர்கான் குழாயை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"இது வைக்கும்போது நீங்க பக்கத்துலதான நின்னீங்க. ரெசின் ஊத்தணுமான்னு மொதலாளி கேட்டாருல்லா. ஒட்டாதுன்னீங்க. ஒட்டாதா?"

அவன் சத்தமாகத்தான் கேட்டான். வெளியே எல்லாருக்கும் கேட்டது. ஒட்டாது என்று மறுபடி சொல்லியிருக்கலாம். அங்கே ஒருவருக்கும் தெரியாது. ஆனால் இப்போதுதான் ஒருவனை உண்மை சொல்ல வைத்திருந்தேன், வாயில் பொய் வரவில்லை.

"ஒட்டும்" என்றேன்.

"தெரிஞ்சே விட்டீங்களா?"

"பம்பு இழுத்துரும்னு நெனச்சேன் செல்வதுரை."

அவன் தோல் உரிந்த கையைத் திறந்து என் முகத்துக்கு நேராகக் காட்டினான். பிரைட்டன்தான் கத்தினான், "பாத்தியாடே, பாத்தியா, இவன் யோக்கியம்!" என்று. "நீரு வாய மூடும்" என்று செல்வதுரை சொன்னான். முதலாளியைப் பார்த்து அவன் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் இறங்கினேன். மதினி நடந்து என் எதிரில் வந்து நின்றாள்.

"ஒம்ம அண்ணன் இருந்திருந்தா, இந்த போட்டுலதான் ஏறியிருப்பாரு" என்றாள்.

ஒன்பது வருடத்தில் அவள் என்னோடு பேசியது அதுதான். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் திரும்பிப் போய்விட்டாள். பிரைட்டனைக் கடந்து போனபோது அவனையும் பார்க்கவில்லை.

அன்று என்னை அடித்திருக்கலாம். யாரும் அடிக்கவில்லை. செல்வதுரை மற்ற ஐந்து பேரையும் கூட்டித் தனியே போய்ப் பேசிவிட்டு வந்தான்.

"நீங்களே வெல்டு வைங்க" என்றான். அண்ணே என்ற வார்த்தையை விட்டுவிட்டான். "ஆனா மொத நாளு நீங்களும் ஏறணும். மொதலாளியும் ஏறணும். ரெண்டு பேரும் ஏறுனாத்தான் நாங்க ஏறுவோம்."

"நான் எதுக்குடே?" என்றான் பிரைட்டன். "எனக்குக் கடல் ஆகாதுன்னு தெரியும்லா. வாந்தி எடுப்பேன்."

"எடுங்க. வாளி இருக்கு."

நான் அரித்த இடத்தை அகலமாக வெட்டி எடுத்துவிட்டுப் புதுப் பிளேட் வைத்து இரண்டு பக்கமும் வெல்டு பிடித்தேன். வெளியே சாக்பீஸைக் கரைத்துப் பூசிக் காயவிட்டு, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றினேன். கசிந்தால் வெள்ளையில் கறை தெரியும். ஒரு மணி நேரம் ஆறு பேரும் குத்த வைத்து உட்கார்ந்து அந்த வெள்ளையையே பார்த்தார்கள். கறை வரவில்லை. செல்வதுரை அந்தக் காசை எடுத்து முதலாளி கையில் கொடுத்துவிட்டான்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். துறைமுகத்துக் கப்பல்களைத் தாண்டினதும் அலை தூக்க ஆரம்பித்தது. பத்து மைலில் பிரைட்டன் வாந்தி எடுத்தான். இருபதில் மறுபடியும். பின்னால் பம்புக்கு ஒரு பக்கம் அவனை உட்கார வைத்திருந்தார்கள், இன்னொரு பக்கம் என்னை. அடிவயிறு தெரிகிற மாதிரி பலகையைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். மற்றவர்கள் எங்கள் பக்கம் வரவே இல்லை. தூண்டில் கயிறுகளைச் சரி பண்ணிக்கொண்டு அவர்களுக்குள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அலையில் மேலே அடித்த தண்ணீர் கொஞ்சம் உள்ளே இறங்கி, நான் ஒட்டுப்போட்ட இடத்தில் வந்து தேங்கி ஆடியது. அது மேலேயிருந்து வந்த தண்ணீர்தான் என்று எனக்குத் தெரியும். பிரைட்டனுக்குத் தெரியாது. படகின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தான். முகம் சாம்பலாக இருந்தது.

"பெர்சி, வெல்டு நிக்குமாலே?"

நிற்கும். என் உயிர் மேல் சத்தியமாக நிற்கும். அந்தப் படகில் அதைவிட உறுதியான இடம் இல்லை.

"லே பெர்சி, ஒன்னத்தாம்லே கேக்கேன். தண்ணி ஏறுதுல்லா? சொல்லுலே."

முன்னால் செல்வதுரை ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி திரும்பி என்னைப் பார்த்தான். அவனுக்கும் பதில் வேண்டியிருந்தது. அவனைப் பார்த்து நிற்கும் என்று தலையை ஆட்டினேன். அவன் திரும்பிக்கொண்டான்.

பிரைட்டன் அதைப் பார்க்கவில்லை. குனிந்து வாளியைத் தேடிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து மறுபடியும் கேட்டான். இன்னும் இருபது மைல் இருந்தது. நான் அவனுக்குப் பதில் சொல்லவே இல்லை.